திரையும் இல்லமும்: பதின்மூன்றாவது தட்டு



பள்ளி விடுமுறையில் எங்கள் இல்லத்தில் பேரப்பிள்ளைகளும் உறவினர் பிள்ளைகளுமாக ஐவர் கூடியிருந்தனர். மாலை முழுவதும் மழை. வெளியே சென்று விளையாட வழியில்லாமையால் அவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்தனர். பெரியவர்களாகிய நாங்கள் அடுத்த அறையில் பேச்சில் ஆழ்ந்திருந்தோம். படம் முடிந்ததும் எட்டு வயதுப் பேத்தி என்னிடம் வந்து நின்றாள்.

"தாத்தா, இந்தக் கதையிலே கெட்டவங்க யாரு?"

"கொம்பு வைத்திருக்கிறவள்தானே?" என்று போகிற போக்கில் விடையிறுத்தேன்.

"இல்லை தாத்தா, அவங்க நல்லவங்க. ஆனா தொட்டிலிலே இருக்கிற பாப்பாவுக்குச் சாபம் கொடுத்தாங்க. நல்லவங்க ஏன் சாபம் கொடுக்கணும்?"

எட்டு வயதுக் குழந்தை கேட்ட இவ்வினாவிற்கு அறுபதைக் கடந்த நான் உடனே விடை கூற இயலாமல் விழித்தேன். மறுநாள் பிள்ளைகளோடு அமர்ந்து அப்படத்தை முதலிலிருந்து இறுதிவரை பார்த்தேன். அதன் விளைவே இம்மாதக் கட்டுரை.

படத்தின் பெயர் 'மலெஃபிசென்ட்'. வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதே நிறுவனத்தார் 1959இல் 'உறங்கும் அழகி' என்னும் பழங்கதையைக் கார்ட்டூன் படமாக எடுத்திருந்தனர். அதில் கறுப்பு அங்கியும் கொம்புகளும் பச்சைத் தீயுமாக அரண்மனைக்குள் நுழைந்து, பச்சிளங் குழந்தையைச் சபித்துச் செல்லும் தீய தேவதையின் பெயரே மலெஃபிசென்ட். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே கதையை, வரைந்த சித்திரங்களால் அன்றி உயிருள்ள நடிகர்களைக் கொண்டு, அத்தீய தேவதையின் பக்கமிருந்து திரும்பவும் சொல்லியிருக்கின்றனர். தேவதையாக நடித்தவர் ஏஞ்சலினா ஜோலி. திரைக்கதை எழுதியவர் லிண்டா உல்வர்ட்டன். இயக்கிய ராபர்ட் ஸ்ட்ராம்பெர்க் கலை இயக்கத்திற்காக இருமுறை ஆஸ்கார் பரிசு பெற்றவர். இயக்குநர் என்னும் வகையில் இதுவே அவருக்கு முதற்படம். உலகெங்கும் 75 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். பழைய இலத்தீன் பூசையைக் கேட்டு வளர்ந்த என் போன்றோர்க்கு இப்பெயரின் பொருள் உடனே விளங்கிவிடும்: தீமை செய்கிறவள். படத்திலோ இவள் காட்டில் மரக்கிளைகளுக்கிடையே சிரித்துப் பறந்து திரியும் குழந்தையாக இருக்கும்போதே அனைவரும் இவளை இப்பெயராலேயே அழைக்கின்றனர். எந்தத் தாய் தந்தையர் தம் பிள்ளைக்கு இப்படிப் பெயரிடுவர் என்பதைப் படத்தை எடுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை!

இனிப் பழங்கதைக்கு வருவோம். தீயவளின் பக்கத்தைச் சொல்வது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் சார்ல் பெரோ இக்கதையை 1697இல் அச்சிட்டார். அவர் கதை தொடங்குவது ஒரு ஞானஸ்நான விருந்தில். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் வருந்திய அரசனுக்கும் அரசிக்கும் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. நாட்டில் உள்ள தேவதைகள் எழுவரையும் அழைத்து அவர்களையே குழந்தைக்கு ஞானத்தாய்மாராக நிறுத்துகின்றனர். ஆம், ஞானத்தாய்மார்! ஒரு பிள்ளைக்கு எழுவர் என்பது எந்தப் பங்குக் குருவும் ஒப்பாத எண்ணிக்கைதான். கதைதானே என்று விட்டுவிடுவோம். எழுவர்க்கும் தனித்தனியே பொன்னாலான பேழை ஒன்று; அதனுள் வைரமும் மாணிக்கமும் இழைத்த பொற்கரண்டியும் முள்ளும் கத்தியும். அனைவரும் பந்தியில் அமரும் வேளையில் எட்டாவதாக ஒரு முதிய தேவதை உள்ளே வருகிறாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் தன் கோபுரத்தை விட்டு வெளியே வரவில்லை. இறந்துவிட்டாள், அல்லது மாயத்தில் கட்டுண்டு கிடக்கிறாள் என்று எண்ணி எவரும் அவளை அழைக்கவில்லை. அரசன் அவளுக்கும் இலை போடச் செய்கிறான். ஆயின் பொற்பேழை செய்யப்பட்டவை ஏழுதான். அவள் தன்னை இழிவுபடுத்திவிட்டதாக எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். அதன் பின்னரே சாபம்.

ஜெர்மானியச் சகோதரர்களாகிய கிரிம் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் இது இன்னும் வெளிப்படையாக உள்ளது. அந்நாட்டில் தேவதைகள் பதின்மூவர். அரசனிடமிருந்த பொன் தட்டுகளோ பன்னிரண்டு. ஆகவே ஒருத்தியை அழைக்காமல் விட்டுவிடுகிறான். இக்கதையைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஒரு தட்டை அடுத்த வீட்டில் இரவல் வாங்கியிருக்கலாமே!" என்றாள். இருநூறு ஆண்டுகளாக இக்கதைக்கு எழுதப்பட்ட விரிவுரைகளில் இதைவிடத் தெளிவான சொல் இருக்குமா என்பது ஐயமே.

1890இல் ருஷ்ய இசைமேதை சைகாவ்ஸ்கி இக்கதைக்கு அமைத்த நாட்டிய நாடகத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. அங்கே தீய தேவதை காரபாஸ் அழைக்கப்படாமற் போனதற்குக் காரணம், விருந்தினர் பட்டியலைக் கவனித்துவந்த அரண்மனை அதிகாரியின் மறதி. அவள் சினத்தோடு நுழைந்து முதலில் அவன் தலைமயிரைப் பிடுங்குகிறாள். பார்ப்பவர்கள் சிரிக்கும் கட்டம் அது.

எனக்குச் சிரிப்பு வராது. அதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது என் அக்காளின் தலைமகளுக்கு ஞானஸ்நான விருந்து எங்கள் வீட்டில் நடந்தது. அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளியூரில் இருந்த என் அத்தை ஒருவரின் பெயரை மறந்துவிட்டேன். பகையன்று, வெறும் மறதி. ஆயினும் அவர் வேறொருவர் வாயிலாகச் செய்தி அறிந்து, பேருந்து ஏறி வந்துவிட்டார். வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. "என்னை வாசலில் நிறுத்திய வீட்டில் இந்தப் பிள்ளை எப்படி வாழ்கிறதென்று பார்க்கிறேன்" என்று உரத்த குரலில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: பிள்ளையைச் சபித்தவர். பட்டியலை எழுதியவனைப் பற்றி எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

1959ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படத்தில் மலெஃபிசென்டின் குறை இதே அழைப்புக் குறைதான். 2014ஆம் ஆண்டுப் படமோ அக்காரணத்தைப் போதாது என்று ஒதுக்கிவிட்டு, வேறொரு காயத்தைக் காட்டுகிறது. தேவதைகள் வாழும் சதுப்பு நிலத்திற்கும் மனிதர் வாழும் அரசுக்கும் இடையே நெடும்பகை. எல்லையைத் தாண்டி ஒரு மணியைத் திருட வருகிறான் ஸ்டீபன் என்னும் ஏழைச் சிறுவன், பெற்றோர் இல்லாதவன், களஞ்சியத்தில் படுத்துறங்குகிறவன். இருவரும் நட்புக் கொள்கின்றனர். கைகுலுக்கும்போது அவன் விரலில் இருந்த இரும்பு மோதிரம் அவளைச் சுடுகிறது. இரும்பு தேவதைகளுக்கு ஆகாது. உடனே சிறுவன் அம்மோதிரத்தைக் கழற்றித் தூர எறிந்துவிடுகிறான். ஆண்டுகள் செல்கின்றன. மலெஃபிசென்டைக் கொல்கிறவனுக்கு அரியணை என்று கிழ அரசன் அறிவிக்கிறான். ஸ்டீபன் பழைய நண்பனாக அவளிடம் வந்து, மயக்க மருந்து கொடுத்து, கொல்ல மனம் துணியாமல், இரும்புச் சங்கிலி கொண்டு அவள் சிறகுகளை அறுத்து எடுத்துச் செல்கிறான். அச்சிறகுகளே அவன் அரசனாவதற்குச் சான்று.

விடியற்காலையில் விழித்து, முதுகைத் தடவிப் பார்த்து அவள் அலறும் காட்சியைக் கண்டு பிள்ளைகள் அனைவரும் ஓசையின்றி இருந்தனர். இக்காட்சி ஒரு பெண்ணின் உடலுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறிப்பாற் சுட்டுவதற்காகவே அமைக்கப்பட்டது என்று ஏஞ்சலினா ஜோலி 2014இல் வானொலிப் பேட்டி ஒன்றில் கூறியிருக்கிறார். சிறுவர்க்குச் சிறகு சிறகாகவே தெரியும். வயது வந்த பெண் மக்களோடு இப்படத்தைப் பார்க்கும் தாய்மார் அப்பொருளையும் அறிந்திருத்தல் நன்று.

அரசனான ஸ்டீபனுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. அழைப்பின்றி வருகிறாள் சிறகிழந்தவள். பதினாறாம் பிறந்தநாளில் சூரியன் மறையுமுன் இராட்டைக் கதிர் குத்திச் சாவை ஒத்த உறக்கத்தில் விழுவாள் என்று சபிக்கிறாள். அரசனை மண்டியிட்டுக் கெஞ்ச வைத்துப் பார்க்கிறாள். பிறகு, உண்மை அன்பின் முத்தம் ஒன்றே அவளை எழுப்பும் என்கிறாள். அது இரக்கத்தாற் சேர்த்தது அன்று. அப்படி ஓர் அன்பே உலகில் இல்லை என்று தன் அனுபவத்தால் முடிவு கட்டிய கசப்பில் சேர்த்தது. இச்சாபத்தை மாற்ற உலகில் எந்த ஆற்றலுக்கும் இயலாது என்றும் முத்திரையிடுகிறாள்.

இவ்விடத்திலேதான் இப்படத்தை நான் மதிக்கிறேன். அவள் பட்ட துன்பம் முழுவதையும் நமக்குக் காட்டி, நம்மை அவள் பக்கம் சேர்த்துவிட்ட பின்னர், அவள் செய்த குற்றத்தைக் குறைக்காமல் நம் கண்முன்னே நிறுத்துகிறது. சிறகை அறுத்தவன் தகப்பன். சபிக்கப்பட்டது தொட்டிலிற் கிடக்கும் குழந்தை. காரணம் புரிகிறது; ஆயினும் கை நடுங்குகிறது. என் பேத்தி இடறி நின்ற இடமும் அதுவே.

பின்னர் நிகழ்வது கதையின் உயிர். குழந்தையைக் காட்டுக் குடிசையில் வளர்க்க அனுப்புகின்றனர். காவலுக்குச் சென்ற மூன்று தேவதைகளோ பிள்ளைக்குப் பாலூட்டவும் அறியாதவர்கள். சபித்தவளே மறைந்து நின்று பார்க்கிறாள், வெறுப்போடுதான் பார்க்கிறாள். ஆயினும் பசியால் அழுகிற குழந்தைக்கு உணவூட்டுவது அவளுடைய அண்டங்காக்கை. மலையுச்சியிலிருந்து விழ இருந்த குழந்தையைத் தாங்குவது அவளே. ஐந்து வயது ஆரோராவாக வரும் சிறுமி ஏஞ்சலினா ஜோலியின் சொந்த மகள். மற்றக் குழந்தைகள் அக்கொம்புகளைக் கண்டு அஞ்சி அழுதமையால் வேறு வழியின்றி அவரை நடிக்க வைத்தனராம். வளர்ந்த ஆரோரா ஒருநாள் இருளில் நிற்கும் உருவத்தை நோக்கி, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து என்னைக் காத்துவரும் என் ஞானத்தாய் நீங்கள்தாம் என்கிறாள். பெரோவின் கதையில் ஞானத்தாய்மாரோடு சமமாக அமர இடம் கிடைக்காதவளுக்கு அவ்விடம் இங்கே இவ்வாறு கிடைக்கிறது. கிடைத்த வேளையில் அதற்குத் தான் தகுதியற்றவள் என்பதையும் அவள் அறிந்திருக்கிறாள்.

ஓர் இரவு உறங்கும் சிறுமியின் அருகே நின்று, தன் சாபத்தைத் திரும்பப் பெற முயல்கிறாள். இயலவில்லை. எந்த ஆற்றலாலும் மாற்ற இயலாது என்று தானே சொன்ன சொல்லில் தன் ஆற்றலும் அடங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்திற்குப் பிறகும் செய்த செயலின் விளைவு உலகில் நின்றுகொண்டே இருக்கும் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் கற்றதைத் திரையில் இவ்வளவு சுருக்கமாகக் காட்டியதை நான் பார்த்ததில்லை. ஆரோரா உறங்கி வீழ்ந்தபின், இளவரசனின் முத்தம் பயன்படவில்லை. மன்னிப்பைக் கேட்கவும் துணியாதவளாய், சாகும்வரை உன்னைக் காவல் காப்பேன் என்று மட்டும் உறுதி கூறி, மலெஃபிசென்ட் அவள் நெற்றியில் முத்தமிடுகிறாள். கண் திறக்கிறது.

படம் முடியும் தறுவாயில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. தொடக்கமுதல் இக்கதையைப் பின்னணியில் சொல்லி வந்த குரல் யாருடையது? தீயவளுடையதன்று, வளர்ந்து முதிர்ந்த ஆரோராவின் குரல். தீயவளின் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறவள் சாபத்தை அனுபவித்தவளே. அதனால்தான் அது சாக்குப்போக்காக ஒலிக்கவில்லை.

இதனோடு அதே நிறுவனம் 2021இல் எடுத்த 'குருயெல்லா'வை ஒப்பிட்டுப் பாருங்கள். நாய்க்குட்டிகளின் தோலை உரித்து அங்கி தைக்க விரும்பிய ஒரு கொடியவள், 1961ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படத்தில் வந்தவள். புதிய படத்தில் கதையைச் சொல்கிறவள் அவளே. அவள் தாயை மலை விளிம்பிலிருந்து வீழ்த்தியவை அந்நாய்கள் என்று ஒரு காரணத்தைப் படைத்துவிட்டு, அதன்பின் அவள் எந்த நாயையும் கொல்லாதபடி பார்த்துக்கொண்டனர். குற்றமே செய்யாதவளுக்கு எதற்கு வழக்கறிஞர்? அழகான ஆடைகள் உள்ளன. வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை. 'விக்கெட்' என்னும் படம் 2024இல் வந்தது. 1995இல் கிரெகரி மக்வயர் எழுதிய நாவலிலிருந்து பிறந்த இசை நாடகத்தைத் தழுவியது. பச்சை நிறத்தாலேயே வெறுக்கப்பட்ட பெண்ணொருத்தியின் கதை. அது தனியே எழுதத் தக்கது.

இவை யாவற்றிலும் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். தீயவள் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்ததும் அது காலியாக விடப்படுவதில்லை. வேறொருவரைப் பிடித்து அமர்த்திவிடுகின்றனர். 'குருயெல்லா'வில் ஒரு சீமாட்டி. 'மலெஃபிசென்ட்' இரண்டாம் பாகத்தில், 2019இல், இளவரசனின் தாய். முதற்பாகத்தில் ஸ்டீபன். பழைய கார்ட்டூன் படத்தில் நம் அன்பைப் பெற்ற மூன்று நல்ல தேவதைகளும் இங்கே அறிவிலிகளாக்கப்பட்டுவிட்டனர். ஒருத்தியை உயர்த்த நால்வரைத் தாழ்த்த வேண்டுமா? ஸ்டீபன் வரவரப் பித்தனாகி, கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைத்த சிறகுகளோடு தனியே பேசிக்கொண்டு, இறுதியில் கோபுரத்திலிருந்து வீழ்ந்து மடிகிறான். அவனும் ஒரு காலத்தில் களஞ்சியத்தில் உறங்கிய அநாதைச் சிறுவன் என்பதைப் படமே நமக்குக் காட்டியது. பிறகு படமே மறந்துவிட்டது. கொல்லப் போன கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சங்கிலியை எடுத்தானே, அந்த நொடியில் அவன் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது? கேட்பார் இல்லை.

என் அத்தை இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பட்டியலை எழுதியவன் நான் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அன்று தொட்டிலில் கிடந்த என் அக்காள் மகள் இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய், நலமாக இருக்கிறாள். சென்ற ஆண்டு குடும்பத்தார் கூடியிருந்த ஓர் இடத்தில் எவரோ அந்தப் பழைய கதையைத் தொடங்கினர். அவள் மட்டும், "அத்தைப் பாட்டி அன்றைக்குச் சாப்பிடாமல்தானே போனார்கள்? எவ்வளவு தூரம் பேருந்தில் வந்தார்கள்!" என்றாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுள் ஒருவர்க்கும் தோன்றாத நினைவு அது.

பெற்றோர்க்கு இரண்டொரு குறிப்பு. போர்க் காட்சிகளும், அண்டங்காக்கை தீயுமிழும் நாகமாக மாறும் இறுதிக் கட்டமும் ஆறு, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அச்சுறுத்தக்கூடும். சற்று வளர்ந்த பிள்ளைகளாயின் தனியே பார்க்க விடாமல் உடன் அமருங்கள். ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலான படந்தான். அவர்கள் வினா எழுப்பினால், "கொம்பு வைத்தவள்தான் கெட்டவள்" என்று நான் சொன்னது போல் சொல்லிவிட வேண்டாம்.

இரண்டாம் முறை பார்த்து முடித்தபின் பேத்தியின் பழைய வினாவிற்கு என்னாலான விடையைக் கூறினேன். அவள் செய்தது கெடுதல்தான். அவளுக்குச் செய்ததும் கெடுதல்தான். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது என்றேன். கணக்கு வகுப்புப் போல் இருந்தது போலும், சிறுமி கொட்டாவி விட்டாள். படுக்கைக்குப் போகிறவள் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, அந்தப் பையன் தூக்கி எறிந்தானே ஒரு மோதிரம், அதை யாராவது எடுத்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. படத்திலும் இல்லை.